‘எ பிட்’ என்றால் எவ்வளவு? இங்கிலாந்தில் மனதைப் பற்றிப் பேசும் ஆங்கிலம்

தமிழில் பேசும்போதே மனதைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் நம் வாயில் தாராளமாக வரும். டென்ஷன் ஆகாதே, ஃபீல் பண்ணாதே, அப்செட்டா இருக்கான், வெக்ஸ் ஆயிடுச்சு, சென்டிமென்ட் பார்க்கிறாங்க, போல்டான பொண்ணு. இவ்வளவு சொற்கள் கையில் இருக்கும்போது இங்கிலாந்தில் வந்து பேசுவதற்கு என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, இவையெல்லாம் எப்போதோ தமிழ்ச் சொற்களாகிவிட்டன என்று.

“ஐ ஆம் இன் டென்ஷன்” என்றால் இங்குள்ளவருக்குச் சட்டென்று பிடிபடாது. அவருக்கு டென்ஷன் என்பது இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் இறுக்கம், அல்லது இழுத்துக் கட்டிய கயிற்றின் விசை. நாம் சொல்ல வருவதற்கு அவர்களிடம் ‘ஸ்ட்ரெஸ்ட்’ இருக்கிறது, ‘வொரீட்’ இருக்கிறது. ஆறுதலாக “டோன்ட் ஃபீல்” என்றால், உனக்கு உணர்ச்சியே கூடாது என்று கட்டளை போடுவதுபோல் அவர்கள் காதில் விழும். வெக்ஸ் என்பது வயதானவர்களுக்குப் பழைய எழுத்து வழக்கு. லண்டன் இளைஞர்கள் பேச்சில் கோபம். நாம் சொல்லும் சலிப்பு இரண்டிலும் இல்லை. அயர்லாந்துக்காரர் ஒரு குழந்தையை ‘போல்ட்’ என்றால் அடங்காத பிள்ளை என்று பொருள். ‘சென்டிமென்டல்’ என்பதில் லேசான கேலி உண்டு. ராசி பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேர் வொர்க்கர்களுக்கும் இந்த நாட்டு விசா கிடைக்கும் என்று 2022 பிப்ரவரியில் விதி மாறியது. அதன் பிறகு வந்தவர்களில் நானும் ஒருத்தி. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த நம்மவர்கள் பலர் என்னைப் போல் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள். இந்த வேலையில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பாதி. மீதிப் பாதி, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு, சொன்னதைப் புரிந்துகொண்டு, ஹேண்டோவரில் அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகச் சொல்வது. அதனால் இந்தச் சொற்கள் எனக்கு வேலைக் கருவிகள்.

இங்கே முதலில் பழக வேண்டியது ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’. “எப்படி இருக்கீங்க?” என்றால் வயதானவர்கள் பாதிப்பேர் சொல்லும் பதில் இதுதான். குறை சொல்லக் கூடாது என்பது நேர்ப்பொருள். குறை இல்லை என்று அந்த வாசகத்தில் எங்கேயும் இல்லை, கவனியுங்கள்.

தொண்ணூறை நெருங்கிய ஒரு பெரியவர். ஒரு நாள் காலை அவருடைய அறைக்கு நானும் சீனியர் கேரரும் போனோம். வழக்கமான கேள்வி, வழக்கமான “மஸ்ட்ன்ட் கிரம்பிள்”. ஆனால் டீயைத் தொடவில்லை. அதன் மேல் ஆடை படிந்திருந்தது. வலது கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் முட்டிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு. சீனியர் கேரர் அவரருகில் மண்டியிட்டு உட்கார்ந்து, “வலிக்குதா?” என்று கேட்கவில்லை. “எந்த இடத்தில் ரொம்ப மோசமாக இருக்கு, லவ்?” என்று கேட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஹிப். எ பிட்” என்றார், இடுப்பில் கொஞ்சம் என்று. அன்று மதியம் எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பில் விரிசல் இருந்தது.

வெளியே வரும்போது சீனியர் கேரர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. போர்க்காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் “வலிக்குதா” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வரும், அதனால் வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கேள்வியைத் தொடங்கு என்றார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு உருப்படியான ஒன்று கிடைத்ததில்லை.

டிமென்ஷியா முற்றி, பேச்சே போனவர்களுக்கு ‘அபி பெயின் ஸ்கேல்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2004இல் வெளியானது. முனகல், முகம், உடலசைவு, நடத்தை, நாடித்துடிப்பு மாதிரி உடலுக்குள் நடக்கும் மாற்றங்கள், புண் காயம் போன்ற வெளி மாற்றங்கள் என்று ஆறு விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 14 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் வலி. பேசத் தெரிந்தும் பேசாதவர்களையும் அதே கண்ணோடு பார்த்தால் நல்லது என்பது என் எண்ணம்.

கேர் நோட்ஸில் ‘ஸ்டோயிக்கல்’ என்று ஒரு சொல் வரும். ஏறத்தாழ கி.மு. 300இல் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் ஜீனோ என்ற தத்துவஞானி பாடம் சொன்னார்; மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ‘ஸ்டோவா’. அந்த வழியில் வந்த சொல், இன்று வலியை முகத்தில் காட்டாதவரைக் குறிக்கிறது. புதிதாக வருபவர்கள் இதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அனுபவமுள்ள நர்ஸ் இதை எழுதினால் அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும்: இவர் தானாகச் சொல்லமாட்டார், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

‘எ பிட்’ பற்றிச் சொல்லும்போது கொரியப் போரையும் சொல்லியாக வேண்டும். 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளஸ்டர்ஷர் படைப்பிரிவைப் பல மடங்கு பெரிய சீனப்படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் ப்ரோடி, ‘எ பிட் ஸ்டிக்கி’, அதாவது கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது என்ற அளவில் பதில் சொன்னார். ஒரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் ஆபத்து தலைக்கு மேல் போய்விட்டது என்று புரிந்திருக்கும். அமெரிக்கருக்குச் சமாளித்துவிடுவார்கள் என்று பட்டது. பின்வாங்கும் உத்தரவு சரியான நேரத்தில் போகவில்லை. அந்தப் படைப்பிரிவில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஆங்கிலமே தாய்மொழியான இரண்டு பேருக்கு நடுவிலேயே இப்படி என்றால், நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

‘குவைட்’ இன்னொரு சிக்கல். ‘குவைட் குட்’ என்றால் சுமார் என்ற அளவுதான். ஆனால் ‘குவைட் எக்ஸாஸ்டட்’ என்றால் அடியோடு களைத்துவிட்டார். பின்னால் வருவது ஏற்றி இறக்கிச் சொல்லக்கூடிய சொல்லா, ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் சொல்லா என்று பார்க்க வேண்டும். இதைக் காது பழகித்தான் பிடிக்க முடியும்.

இவ்வளவு அடக்கத்துக்கும் அடையாளமாகச் சொல்லப்படுவது ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’. அழுகை வரும்போது உதடு துடிக்குமே, அது துடிக்காமல் இறுக்கி வைத்திருப்பது. பிரிட்டிஷ் குணம் என்று உலகமே சொன்னாலும் இந்தத் தொடரின் பழைய எழுத்துச் சான்றுகள் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்க அமெரிக்காவில்தான் கிடைக்கின்றன. குவளைகளிலும் துண்டுகளிலும் அச்சிட்டு விற்கும் ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ (பதறாமல் வேலையைத் தொடருங்கள்) வாசகத்தின் கதையும் இப்படித்தான். 1939இல் அரசு இருபது லட்சத்துக்கு மேல் அச்சடித்த சுவரொட்டி அது. போர் நடந்தபோது அதை அநேகமாக யாரும் சுவரில் பார்க்கவில்லை; பெரும்பகுதி காகிதக் கூழாகப் போனது. 2000இல் நார்தம்பர்லண்டின் அனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரருக்கு ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் அது பிரபலமானது. எங்கள் இல்லத்துப் பெரியவர்களைத் தாங்கியது அந்தச் சுவரொட்டி அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை: ‘பிளக்’. துணிச்சல் என்று பொருள். அதற்கு முன்பிருந்த பொருள், அறுத்த விலங்கின் உள்ளிருந்து மொத்தமாக எடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல். அப்படியே நம் ஈரக்குலை! பயம் வந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது. அதே ஈரக்குலையை அவர்கள் தைரியத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ‘கட்ஸ்’ என்றால் குடல், அதுவும் தைரியம்தான். மனம் உடம்புக்குள்தான் குடியிருக்கிறது என்பது இரண்டு மொழிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

‘சென்சிட்டிவ்’, ‘சென்சிபிள்’ இரண்டையும் நம்மவர்கள் மாற்றிப் போடுவதைப் பார்க்கிறேன். முன்னது சட்டென்று மனதில் படுகிறவர், பின்னது விவேகமாக நடக்கிறவர். அதிலும் ‘சென்சிட்டிவ்’ பாராட்டாகவும் வரும், குற்றச்சாட்டாகவும் வரும். “டூ சென்சிட்டிவ்” என்று மேலாளர் சொன்னால் அது பாராட்டு அல்ல. அப்புறம் ‘சிம்பதி’, ‘எம்பதி’. முன்னது ஒருவருக்காக வருந்துவது, பின்னது அவர் இடத்தில் நின்று உணர்வது. எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1909இல் டிச்சனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக உருவாக்கினார். இல்லத்தில் யாராவது இறந்துபோனால் குடும்பத்தாரிடம் “ஐ ஆம் சோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்” என்று சொல்லி, பக்கத்தில் அமைதியாக நின்றால் போதும். வயது என்ன, எப்படி நடந்தது என்று நாம் அக்கறையோடு கேட்பதெல்லாம் இங்கே அந்த நேரத்துக்கு ஒத்துவராது.

‘ரெசிலியன்ஸ்’ மீது மட்டும் எனக்குக் கோபம் உண்டு. துள்ளித் திரும்புவது என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்த நல்ல சொல். வேலையிடங்களில் அது படும் பாடுதான் வேறு. ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துவிட்டு உடைந்துபோனால், அவருக்கு ரெசிலியன்ஸ் வகுப்பு வைக்கிறார்கள். உண்மையில் குறைவாக இருப்பது ரோட்டாவில், அதாவது பணிப்பட்டியலில், உள்ள ஆட்கள். அந்தக் குறையை உடைந்துபோனவரின் மனவலிமையில் தேடுவது அநியாயம். ‘மேன் அப்’ (ஆம்பளையா இரு) என்று ஆண்களை அடக்கும் பேச்சும் அதே ரகம். இந்த நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆண்கள். இப்போது இளைஞர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், நல்லது.

இனி நமக்காக நாம் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த தங்கை மாதிரியான ஒரு பெண், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கமே இல்லாமல் அழுதுகொண்டிருப்பாள். ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போனபோது, “லிட்டில் டென்ஷன், அட்ஜஸ்ட் பண்ணிட்டிருக்கேன்” என்ற பொருளில் சொல்லிவிட்டு வந்தாள். ஊரை விட்டு வந்த புதிதில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று டாக்டரும் விட்டுவிட்டார். “அக்கா, நான் சொன்னது அவருக்குப் புரியவே இல்லை” என்றாள். இரண்டாம் முறை போவதற்கு முன் உட்கார்ந்து எழுதினோம். எத்தனை நாள் தூங்கவில்லை, எப்போது அழுகை வருகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. மேலே இரண்டு வாக்கியம்: “ஐ ஆம் ஸ்ட்ரக்லிங். ஐ ஆம் நாட் கோப்பிங்.”

ஸ்ட்ரகிள் பண்ணி முன்னுக்கு வந்தேன் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். இங்கே “ஐ ஆம் ஸ்ட்ரக்லிங்” என்றால், என்னால் தாங்க முடியவில்லை, உதவி வேண்டும். இரண்டாம் முறை டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ முதல் ‘அநேகமாகத் தினமும்’ வரை 0, 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். அதிகபட்சம் 27. இதில் மரியாதைக்காகவோ வெட்கப்பட்டோ எண்ணைக் குறைத்துப் போடாதீர்கள். உங்கள் முகம் வாடியிருப்பதைத் தாளால் பார்க்க முடியாது.

தமிழில் நினைத்ததை அப்படியே சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. துக்கத்தில் ‘நெஞ்சை அடைக்குது’ என்போம். அதை போனில் ஆங்கிலமாக்கினால் மாரடைப்புக்கான கேள்விகள்தான் வரும், ஆம்புலன்ஸ்கூட வரலாம். உண்மையிலேயே நெஞ்சு வலித்தால் தயங்காமல் 999 கூப்பிடுங்கள். மனபாரம் என்றால் முதலில் ‘மூட்’, ‘ஸ்லீப்’, ‘க்ரையிங்’ என்ற சொற்களோடு தொடங்குங்கள்.

இங்கிலாந்தில் 18 வயது நிரம்பியவர்கள் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) தரும் டாக்கிங் தெரபிஸ் என்ற பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஜிபி கடிதம் இல்லாமலே தாங்களே பதிவு செய்துகொள்ளலாம். மனநெருக்கடி என்றால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும். 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ், மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் அமைப்பு; அதன் எண் 116 123. கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். ஜிபியில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே “தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். அதற்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது. அவர்கள் முன்னால் சொல்ல முடியாதது எப்போதும் கொஞ்சம் இருக்கும்.