ஒடுங்கிய எழுத்தும் மயிரிழைக் கோடும்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3
இந்த மாதம் முழுக்க ஒடுக்கமான தலைப்பு எழுத்துருதான் வேலை. நிமிர்கோடு நல்ல தடிமன், படுக்கைக் கோடு மயிரிழை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் ஃபிர்மின் டிடோ, இத்தாலியின் பார்மாவில் போதோனி என்ற இரண்டு எழுத்துருக் கலைஞர்கள் போட்ட வழி இது. வழவழப்பான காகிதம் வந்ததால்தான் அத்தனை மெல்லிய கோடு அச்சில் நின்றது. அந்தப் பாணியையே நெருக்கிப் பிடித்து, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ஜெரி பவல் 1937இல் வரைந்த எழுத்துரு ஆனிக்ஸ். குறுகிய இடத்தில் நீளமான தலைப்பை உயரமாகப் போட இதைவிட நல்ல உபாயம் இல்லை.

ஜூன் 4
லத்தீன் பகுதி, அதாவது ஆங்கில எழுத்துகள், முடிந்தது. நிமிர்கோட்டுக்கும் நிமிர்கோட்டுக்கும் நடுவே உள்ள வெள்ளை சீராக விழுந்தால் மற்றதெல்லாம் தானாக அமைகிறது.

ஜூன் 7
தமிழுக்கு வந்தேன். இங்கேதான் உண்மையான வேலை.

ட-வில் இருப்பதே ஒரு நிமிர்கோடும் ஓர் அடிக்கோடும்தான். லத்தீன் முறைப்படி அடிக்கோட்டை மயிரிழையாக்கினால், தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒற்றைக் கம்பம்தான் மிஞ்சும். ப என்றால் இரண்டு கம்பம். ‘பட்டம்’ என்று அடித்துச் சுவரில் ஒட்டினேன். எட்ட நின்று பார்த்தால் ம் மட்டும் தப்பித்தது. நம் எழுத்தில் அடிக்கோட்டை வைத்துத்தான் கண் எழுத்தை அடையாளம் காண்கிறது. அதை லத்தீனுக்காகப் பலி கொடுக்க எனக்கு மனமில்லை. அடிக்கோட்டுக்கு நிமிர்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு கனம் வைத்தேன். மயிரிழையை ர-வின் வாலுக்கும் சுழிகளின் மேல்வளைவுக்கும் தள்ளிவிட்டேன். இப்போது இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உறவு தெரிகிறது.

ண இன்னொரு பாடு. அத்தனை சுழியையும் ட-வின் அகலத்துக்குள் அடைப்பது அநியாயம். இரண்டு மடங்குக்கு மேலேயே இடம் கொடுத்தேன். சுழிக்குள் இருக்கும் வெள்ளையும் ப-வின் வெள்ளையும் ஒத்துப்போவதால் வரி அப்போதும் ஒடுக்கமாகவே தெரிகிறது.

ஜூன் 10
1991இல் ஜோனதன் ஹோஃப்லர் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ பத்திரிகைக்கு டிடோ பாணி எழுத்துருவை வரைந்தபோது, 6 பாயிண்டிலிருந்து 96 பாயிண்ட் வரை (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். எந்த அளவில் அடித்தாலும் கோடு மயிரிழையாகவே நிற்கும். நானும் சுவரொட்டிக்கு ஒன்று, துணைத் தலைப்புக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வடிவம் வரையப் போகிறேன். சுவரொட்டி எழுத்தைப் பத்திக்குள் போட்டு அச்சடித்ததைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. படிப்பவர் கண்ணுக்கு அது கொடுமை.

ஜூன் 12
கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சடித்துப் பார்த்தேன். மை நாலு பக்கமும் பரவி மெல்லிய கோட்டைத் தின்றுவிடுகிறது. அதற்கென்று கொஞ்சம் கனத்த வடிவம் வேண்டும்.

அப்புறம் புள்ளி. வரிகளை நெருக்கி அடுக்கினால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘க்’ தலையில் இடிக்கிறது. புள்ளியைச் சிறிதாக்கலாம், ஆனால் எடுத்துவிட முடியாது. ‘ழு’வின் வாலைச் சுருக்கி இரண்டு மாதிரி வரைந்திருக்கிறேன். நாளைக்கு ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்து ‘ஐ’.