பிளாஸ்டிக் வெல்டிங்குக்கு நைதரசன் எப்போது தேவை?

இரும்பு வெல்டிங் பழகியவர்கள் பிளாஸ்டிக் பக்கம் வந்ததும் முதலில் கேட்பது, "எந்தக் காஸ் போடுறது?" என்றுதான். மிக் வெல்டிங்கில் காஸ் உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. சூட்டுக் காற்றை ஊதும் கருவியால் செய்யும் பிளாஸ்டிக் வெல்டிங்கிலோ சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதே காஸ்தான். ஆர்கன் வேண்டியதில்லை, பெரும்பாலான வேலைக்கு எண்ணெயும் ஈரமும் இல்லாத காற்றே போதும்.

நைதரசன் கைகொடுப்பது பொலிஎதிலீனுக்கும் பொலிப்ரொப்பிலீனுக்கும். 300 பாகைச் சூட்டில் இவற்றின் மேற்பரப்பை ஒட்சிசன் அரிக்கும், ஒட்டு வலுவிழக்கும். ஆனால் வெயிலில் ஏற்கெனவே கெட்டுப்போன தோலை நைதரசன் திருத்தாது. தோட்ட லயத்துக் கூரையோரம் வருஷக்கணக்கில் நின்ற கறுப்புத் தண்ணீர்த் தாங்கி என்றால், வெடிப்பை V வடிவில் வெட்டி, இரு பக்கமும் புதுப் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டுங்கள். வெடிப்பில் உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் கம்பியையும் சுரண்டுங்கள். சுரண்டிய கையோடு வெல்ட் பண்ண வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு காஸுக்குச் செலவழிப்பது வீண்.

கடினப் பொலிஎதிலீனுக்கு சூட்டுக் காற்று வெளிவரும் நாசிலின் 5 மி.மீ. உள்ளே அளந்தால் 300–320 பாகை செல்சியஸ், ஓட்டம் நிமிஷத்துக்கு 40–50 லீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊதுவிசிறி உள்ளேயே உள்ள கருவி இங்கே குறைந்த காற்றைத்தான் தள்ளும், கருவியின் திருகை அதே இலக்கத்தில் வைத்தாலும் சூடு கூடும். கொழும்பில் வைத்த இலக்கத்தை நம்பாமல் தெர்மோகப்பிள் என்னும் சூடு அளக்கும் கம்பியால் அளந்து பாருங்கள். பனிமூட்ட நாளில் தாங்கியின் மேல் வியர்த்திருக்கும் நீரையும் துடைத்து உலர்த்துங்கள்.

ஊதுவிசிறி உள்ளேயே உள்ள கருவியில் நைதரசன் சிலிண்டரைப் பூட்டவும் முடியாது. வெளியிலிருந்து காற்றுக் குழாய் வரும் கருவிதான் வேண்டும். ஓட்டம் வந்த பிறகே ஹீற்றரைப் போடுங்கள், அணைத்த பின்னும் அது ஆறும்வரை ஊத விடுங்கள். இல்லாவிட்டால் சுருள் எரிந்துபோகும். சுமார் 7 கன மீற்றர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் 40 லீற்றர் ஓட்டத்தில் மூன்று மணித்தியாலம்கூட வராது. சூடேற்றும் வரை கொம்பிரஷர் காற்றில் ஓடவிட்டு, கம்பி வைக்கும்போது மட்டும் நைதரசனுக்கு மாற்றினால் மிச்சம் பிடிக்கலாம்.

தாங்கிக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்கு நைதரசன் வேண்டவே வேண்டாம். மூடிய 2,000 லீற்றர் தாங்கியில் 40 லீற்றர் ஓட்டம் நாலு நிமிஷத்துக்குள் ஒட்சிசனைப் பாதுகாப்பு எல்லையான 19.5 வீதத்துக்குக் கீழே இறக்கிவிடும். மணமில்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது; ஆள் அப்படியே மயங்கி விழுவார். உள்ளே சாதாரணக் காற்றையே பாவியுங்கள். அப்போதும் புதுக் காற்று உள்ளே போக ஒரு விசிறியும், வாயிலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.