ரோஸி உக்கார ஆரம்பிச்சாச்சு: திருவிழா நாடக வேலை எதுவரைக்கும் வந்திருக்கு

சம்பா அறுப்பு முடிஞ்சு ஊரு கொஞ்சம் ஓஞ்சிருக்கற நேரத்துல மாரியம்மன் திருவிழா வருது, அதுக்கு 45 நிமிஷத்துல ஒரு காமெடி நாடகம் போடறோம். பாபநாசம் பக்கம் எங்க ஊரு. கதை என்னன்னா, 60 வயசுல ரிட்டயர் ஆன ஒரு ஏட்டு, அவரு கூடவே சர்வீஸ் முடிச்ச லாப்ரடார் ரோஸி, ரெண்டு பேரும் சொந்த ஊருக்கு வந்து சேர்றாங்க. வந்த வாரமே பம்புசெட்டு காப்பர் வயர் திருடு போயிடுது. போலீஸ் நாயே ஊர்ல இருக்கும்போது என்ன கவலைன்னு அத்தனை பேரும் ஏட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஆனா ரோஸி வெடிகுண்டு பாக்குற நாய், திருடனைத் துரத்துற டிராக்கர் கிடையாது. அதை வாய்விட்டு சொன்னா தன் கூட்டாளிக்கு மரியாதை கொறைஞ்சிடுமேன்னு ஏட்டுக்கு மனசு வரல. முழு நாடகமும் இதுலதான் ஓடுது.

இந்த முடிச்சு கெடச்சது எங்க தெருவுலயே இருக்கற ஏட்டய்யாகிட்ட, போலீஸ் டாக் ஸ்குவாட்ல ஹேண்ட்லரா, அதாவது நாயைப் பழக்கி கூட்டிட்டுப் போறவரா இருந்தவரு. சாயந்திரம் திண்ணையில உக்காந்து கேக்கக் கேக்க சொல்லுவாரு. "டிராக்கர் வேற, பாம் டாக் வேற தம்பி. வெடி பாக்குற நாய் கண்டுபுடிச்சா குரைக்கக் கூடாது, காலால பிராண்டக் கூடாது, அந்த எடத்துலயே சத்தமில்லாம உக்காந்துடணும், பிராண்டி வெடிச்சுட்டா யாரு பதில் சொல்றது?" அப்படின்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒரு நாய் பேசாம உக்காருது, ஊரு முழுக்க 'பாவம் அசந்துடுச்சு, தண்ணி வைங்கப்பா'ன்னு சொம்பைத் தூக்கிட்டு வருது, அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆளு ஏட்டு மட்டும் 'எல்லாரும் ஓடுங்க'ன்னு கத்தறாரு. கடைசி சீன் அதுதான். கோயிலுக்கு வாங்கி வச்ச அதிர்வேட்டு மூட்டையையும் அதே திருடன்தான் எடுத்து வயரோட சேத்து பதுக்கி வச்சிருக்கான், வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் இருக்கற மருந்து, ரோஸி விடுமா? தன் வேலையை மட்டும்தான் செய்யுது, திருடன் தானா மாட்டிக்கறான்.

இதுல நான் ரொம்பக் கறாரா இருக்கேன். நாய் கண்ணடிக்கறது, நாய் பேசறது, நாய் வழுக்கி விழறது எதுவும் கெடையாது. ரோஸி ஒரு எடத்துல கூட தப்பு பண்ணக் கூடாது, சிரிப்பு அத்தனையும் மனுஷங்க பக்கத்துலேருந்து வரணும். பால் வாங்கப் போற பையன்லேருந்து பஞ்சாயத்து தலைவர் வரைக்கும் யாரு வேணா அசடு வழியலாம், அது மட்டும் கூடாது.

இப்ப ரிகர்சல்ல எல்லாருக்கும் புடிச்ச சீன் டிராக்டர் பூஜை. மோப்ப நாய்க்கு சம்பளமே பந்துதான், கண்டுபுடிச்சா ஹேண்ட்லர் பந்தைப் போடுவாரு, அந்த ஒரு நிமிஷ விளையாட்டுக்காகத்தான் அது நாள் முழுக்க தேடும். புது டிராக்டர் நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சிருப்பாங்க இல்லையா, டிரைவர் ஏறி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள ரோஸி நாலையும் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து ஏட்டு காலடியில வரிசையா வச்சுட்டு நிக்குது. டிராக்டர்காரர் தலையில கை வச்சுக்கிட்டு 'அபசகுனம்'னு அலற, பூசாரி 'நாலும் போலீஸ் கஸ்டடிக்கு போயிடுச்சு, இனிமே திருஷ்டியே அண்டாது'ன்னு சமாளிக்கறாரு. அந்த வசனம் பூசாரியா நடிக்கறவரு ரிகர்சல்ல தானா சொன்னது, அப்படியே வச்சுக்கிட்டோம்.

நாயை மேடையில எப்படிக் கொண்டு வர்றதுங்கறதுதான் பெரிய வேலை. நெஜ நாயை மைக் செட்டு, மேளம், டியூப் லைட்டு நடுவுல நிறுத்த எனக்கு இஷ்டமில்ல. ஒரு பையனுக்கு நாய் வேஷம் போட்டுப் பாத்தோம், வேஷத்தைப் பாத்தே சிரிச்சுட்டாங்க, அப்புறம் கதைக்கு சிரிப்பு மிச்சமில்ல. அப்பதான் நம்ம தஞ்சாவூர் பொய்க்கால் குதிரை ஞாபகம் வந்துச்சு. மூங்கில் பத்தையில கூடு கட்டி, காகிதக்கூழ் பூசி, மேல துணி ஒட்டியாச்சு. கழுத்துக்கு தலையாட்டி பொம்மை கணக்கு: தலையை ஒரு ஊசி முனையில ஒக்காத்தி, உள்ள கீழே கனம் தொங்க விட்டோம், மூங்கில லேசா தட்டினாலே மோப்பம் புடிக்கற மாதிரி தலை ஆடுது. கறுப்பு வேட்டி கட்டின பையன் ஒருத்தன் பின்னாடி நின்னு முதுகுப் பிடியைப் புடிச்சு நடத்தறான்.

ஏட்டய்யா வந்து பாத்துட்டு வாயைத்தான் கேட்டாரு. வெயில்ல நாய் வாயைத் தொறந்து இளைக்கும், வாசம் சிக்கிடுச்சுன்னா வாயை மூடிக்கும், மூக்கு மட்டும் விடுவிடுன்னு வேலை செய்யும், ஒரு செகண்டுக்கு அஞ்சு தடவை கூட உறிஞ்சும். ஹேண்ட்லர் கவனிக்கறது அந்த வாய் மூடற நேரத்தைத்தானாம். அதனால தாடைக்கு தனியா ஒரு நரம்பு, இழுத்தா மூடும். பின்னங்கால்ல ரெண்டு கீல், சைக்கிள் டியூப் வார், ஒரு கயிறு. கயிறை விட்டா பின்பக்கம் மடங்கி உக்காருது. முதல்ல பொத்துனு விழுந்துச்சு, டியூப்பை ரெட்டையா போட்டதும் நிதானமா, கௌரவமா உக்காருது. அதைப் பாத்து ஏட்டய்யா 'குட்'னு சொல்லிட்டு பையிலேருந்து ஒரு பழைய ரப்பர் பந்தை எடுத்துக் குடுத்தாரு, நாடகத்துல அந்தப் பந்துதான்.

வால் இன்னும் பாக்கி. உக்காந்ததும் வெறைச்சு நிக்கணும், பந்தைப் பாத்ததும் ஆடணும், ரெண்டுக்கும் ஒரே கம்பி ஒத்துக்க மாட்டேங்குது. குடைக்கம்பி ஒண்ணு, பனை ஈர்க்கு ஒண்ணு ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டுப் பாக்கறோம், ஈர்க்குதான் தேறும்னு தோணுது.