இ3 2018: ஓட்டை பஸ்ஸில் போய்ப் பார்த்த கேம் திருவிழா

இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியைப் பார்த்துவிட்டு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் ஹோசே திரும்பி இன்னும் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. கால் வலி போகவில்லை, பையைப் பிரிக்கவில்லை. ஆனால் அங்கே சோனி கம்பெனி மேடையில் செய்த வேலையைப் பற்றி இப்போதே எழுதாவிட்டால் கோபம் ஆறிவிடும். டிக்கெட், பஸ், அறை, சாப்பாடு, கடைசியில் நிகழ்ச்சிகள் என்று வரிசையாக எழுதுகிறேன் என்று பலரிடம் சொல்லியிருந்தேன். முடிந்தவரை அந்த வரிசையில் போகப் பார்க்கிறேன்.

இ3 1995-ல் தொடங்கியது. ரொம்ப காலம் தொழில்துறைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் மட்டுமே கதவு திறந்தது. 2017-ல்தான் பொதுமக்களுக்கென்று 15,000 டிக்கெட் விற்றார்கள். 2018-ல் விலை 249 டாலர். முந்திக்கொள்ளும் முதல் ஆயிரம் பேருக்கு மட்டும் 149. பிப்ரவரியில் விற்பனை தொடங்கிய காலையில் நானும் சித்தப்பா மகன் கார்த்தியும் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்தோம். அவனுக்கு 149-க்குக் கிடைத்தது, எனக்கு 249. நூறு டாலர் என்பது எனக்கு ரெண்டு வாரத்து மளிகை. ஒன்று முக்கியம்: இந்த டிக்கெட்டில் கண்காட்சி அரங்குக்குள் மட்டும்தான் போகலாம். கம்பெனிகள் தனியாக நடத்தும் பெரிய மேடை நிகழ்ச்சிகளுக்கு இது செல்லாது. அதைத் தெரிந்துகொண்டேதான் நிகழ்ச்சிகள் நடக்கும் நாட்களையும் சேர்த்துக் கிளம்பினோம். அந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷத்து ஆசை.

இனி பஸ். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கிளம்பி ராத்திரி 10 மணிக்குச் சேர வேண்டியது. கம்பெனி பேர் வேண்டாம். ஏறியபோதே ஏசி சரியில்லை. சார்ஜ் போடும் ஓட்டை எல்லா சீட்டிலும் இருந்தது, என் வரிசையில் ஒன்றிலும் கரண்ட் இல்லை. கழிப்பறைக் கதவு தாழ்ப்பாள் நிற்காமல் ஒவ்வொரு வளைவிலும் திறந்து மூடியது. அந்த நாற்றத்தோடுதான் மத்தியப் பள்ளத்தாக்கைக் கடந்தோம். ஐ-5 நெடுஞ்சாலையில், இரண்டு பக்கமும் பாதாம் தோப்பைத் தவிர எதுவும் கண்ணில் படாத ஓர் இடத்தில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கினார், போன் பேசினார், திரும்பி வந்து "மாற்று வண்டி வருது" என்றார். நாலு மணி நேரம் கழித்து வந்தது. குடிக்கத் தண்ணீர் கூட யாரும் தரவில்லை. இதற்கு ஆளுக்கு 35 டாலர்!

லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும்போது அதிகாலை 2.30. மெட்ரோ ரயில் நின்றுவிட்டது. இரண்டு போனும் செத்துவிட்டன. நிறுத்தத்தில் ஒரே ஒரு கார் நின்றது. மூன்று மைல் தூரத்துக்கு 45 டாலர் கேட்டார். பகலில் பத்து டாலருக்கு மேல் ஆகாது. பேரம் பேசியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பைகளோடு நடக்கிற ஊர் இல்லை, நேரமும் இல்லை. கொடுத்தோம். 3,000 ரூபாய்! இன்னும் வயிறு எரிகிறது. போகிறவர்கள் தயவுசெய்து பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணிக்கு மைக்ரோசாஃப்ட். கண்காட்சி மையத்துக்குப் பக்கத்திலேயே, அப்போது மைக்ரோசாஃப்ட் தியேட்டர் என்று பேர் வைத்திருந்த அரங்கில். எதிரே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து போனிலேயே பார்த்தோம். எங்களைப் போல அங்கங்கே நிறைய பேர். முதல் காட்சியே ஹேலோ இன்ஃபினிட் என்ற கேம். பச்சைக் கவசத்தில் அதன் நாயகன் மாஸ்டர் சீஃப் தெரிந்ததும் படிக்கட்டு முழுக்க ஒரே சத்தம். தேதி சொல்லவில்லை, விளையாடியும் காட்டவில்லை, ஆனாலும் அந்தச் சத்தத்தில் எனக்கே சிலிர்த்தது. நான் வீட்டில் வைத்திருப்பது சோனியின் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி, பிளேஸ்டேஷன் 4 என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கட்சி கார்த்திதான்.

அதன் பிறகு மூச்சுவிட நேரம் தரவில்லை. மொத்தம் 50 கேம், அதில் 18 தங்களுக்கே உரியவை என்று அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் சொன்னார். நல்ல கல்யாணப் பந்தி மாதிரி. இலையில் ஒன்று தீருவதற்கு முன்னால் அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பிரிட்டனின் நான்கு பருவங்களும் மாறி மாறி வரும் கார் பந்தய கேம் ஃபோர்ஸா ஹொரைசன் 4, அக்டோபர் 2 என்று தேதியோடு. செகிரோ, டெவில் மே க்ரை 5, மூன்று விதமான கியர்ஸ் கேம். எல்லாம் முடிந்தது என்று ஸ்பென்சர் விடைபெறும்போது திரையை யாரோ ஹேக் செய்தது போல் ஒரு தடங்கல், அதற்குள்ளிருந்து சைபர்பங்க் 2077. அரங்கை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் வேலை அது.

"அண்ணே, இப்ப சொல்லுங்க, உங்காளு இதை மிஞ்சுவானா?" என்றான் கார்த்தி.

"டேய், செகிரோ, டெவில் மே க்ரை, சைபர்பங்க் மூணும் எனக்கும் வருது. உன் எக்ஸ்பாக்ஸை நான் ஏன் வாங்கணும்?"

"வாங்காதீங்க. பார்க்க உட்கார்ந்தவனுக்கு வயிறு நிறைய போட்டான்ல?"

அதற்குப் பதில் இல்லை. நிஜமாகவே போட்டார்கள். அந்த 18-ல் பல விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் 'உரியவை' என்ற சொல்லை நான் முழுசாக ஏற்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு ட்ரெய்லர்களைவிடப் பெரிய செய்தி, அதிகம் கைதட்டல் வாங்காத ஒரு செய்தி, மைக்ரோசாஃப்ட் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ஐந்து கேம் ஸ்டுடியோ: நிஞ்ஜா தியரி, பிளேகிரவுண்ட் கேம்ஸ், அன்டெட் லேப்ஸ், கம்பல்ஷன் கேம்ஸ், புதிதாகத் தொடங்கும் தி இனிஷியேட்டிவ். சொந்தமாக நல்ல கேம் இல்லை என்பதுதான் இத்தனை வருஷமாக எக்ஸ்பாக்ஸ் மேல் எல்லோரும் சொன்ன குறை. ஹெல்பிளேட் கேமை எடுத்த நிஞ்ஜா தியரியே உள்ளே வருகிறது என்றால், அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கன்சோல்களை வடிவமைக்கும் வேலை நடக்கிறது என்றும் ஸ்பென்சர் மேடையிலேயே சொல்லிவிட்டார்.

திங்கள் மாலை 6 மணிக்கு சோனி. எங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கிற எல்.ஏ. சென்டர் ஸ்டுடியோஸில் நடந்தது. லேப்டாப்பில் பார்த்தோம். நாலு பெரிய கேம்களில் கவனம் வைப்போம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பதை ஓட்டுவதைவிட நாலை நின்று காட்டலாமே.

தொடக்கம் அருமை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 கேமில் வரும் தேவாலயம் போலவே ஒரு கூடாரம் கட்டி, பார்வையாளர்களை அதற்குள் நிற்க வைத்திருந்தார்கள். சரம் சரமாக விளக்குகள். இசையமைப்பாளர் குஸ்தாவோ சாண்டவோலாயா பேஞ்சோவோடு வந்து நேரிலேயே வாசித்தார். உடனே திரையில் அதே விளக்குகளின் கீழே நடனம், கேமின் நாயகி எல்லியும் டீனாவும் முத்தமிடும் காட்சி, அங்கிருந்து வெட்டியது போல் காட்டுக்குள் ரத்தமும் அம்பும். இந்தத் தலைமுறைக் கன்சோலில் இதைவிட உயிரோட்டமான முகங்களை நான் பார்த்ததில்லை. கார்த்தியே வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அடுத்த அரங்குக்கு நடந்து போக வேண்டும். அதுவரை வீட்டில் பார்க்கிறவர்களுக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. ஏறக்குறைய கால் மணி நேரம்! சாம்பார் ஊற்றி முடித்ததும் "எல்லோரும் எழுந்து பக்கத்து மண்டபத்துக்கு வாங்க, ரசம் அங்கேதான்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உலகம் முழுக்க நேரலையில் லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். இந்தியாவில் விடிகாலை 6.30-க்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் இருந்திருப்பார்கள். கூடாரத்துக்குள் நின்ற சில நூறு பேருக்குக் கிடைத்த அனுபவத்துக்காக மற்ற எல்லோரையும் காக்க வைத்தது தப்பு. அந்தத் தேவாலயத்தின் பாரம் மனசில் இருக்கும்போதே அடுத்த காட்சி வந்திருந்தால் இந்த இ3-யை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் வைத்திருந்த பொன்னான நிமிஷங்களை அவர்களே கொட்டினார்கள்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கு முன்னால் ஷகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழல் வாசித்தார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1274-ல் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்கிய கதை. காற்றில் படுத்து எழும் புல்லும், சிவந்த மேப்பிள் இலைகளுக்கு நடுவே நடக்கும் வாள் சண்டையும் கண்ணை எடுக்க விடவில்லை. டெத் ஸ்ட்ராண்டிங்கில் முதுகில் மூட்டையோடு ஒருவர் மலை மலையாக நடக்கிறார். கேமில் நாம் என்ன செய்வோம் என்று பார்த்து முடித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் ஸ்பைடர் மேன், செப்டம்பர் 7. நாலு பெரிய கேமில் தேதி இருந்தது அந்த ஒன்றுக்குத்தான். மற்ற மூன்றுக்கும் இந்த வருஷமா, அடுத்த வருஷமா என்று கூடச் சொல்லவில்லை. காசைச் சேர்த்து வைத்து வருஷத்துக்கு மூன்று நாலு கேம் வாங்குகிற என்னைப் போன்றவனுக்குத் தேதி வேண்டும்.

கேம்களை வைத்துப் பார்த்தால் சோனி. நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட், அதுவும் பல மடங்கு. பிளேஸ்டேஷன்காரனாக இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்று ராத்திரி இதைப் பேசிக்கொண்டே தெருவில் இறங்கினோம். வெஸ்ட்லேக் பக்கம் ஒரு முனையில் டாக்கோ வண்டி. நிமிர்த்தி நிறுத்திய கம்பியில் சிவந்த மசாலா பூசிய பன்றி இறைச்சி அடுக்கடுக்காகச் சுழல்கிறது, உச்சியில் ஓர் அன்னாசி. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவிலிருந்து பிறந்ததுதான் இந்த அல் பாஸ்டோர். அந்தப் பையன் கத்தியால் ஒரு சீவு சீவுகிறான், இறைச்சி நேராகச் சோள ரொட்டியில் விழுகிறது. கத்தியால் இன்னொரு தட்டு தட்டுகிறான், மேலிருந்து அன்னாசித் துண்டு பறந்துவந்து அதே ரொட்டியில் விழுகிறது. வெங்காயம், கொத்தமல்லி, ஒரு பிழி எலுமிச்சை. பச்சை மிளகாய்ச் சட்னி நம் நாக்குக்கே உறைக்கிறது. ஒன்று 1.50 டாலர். நான் ஆறு, கார்த்தி எட்டு. மறுநாள் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காய்ந்த சாண்ட்விச்சுக்கு 14 டாலர் கொடுத்தபோது இந்த வண்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். மீதி எல்லா ராத்திரியும் அங்கேதான் சாப்பிட்டோம்.

செவ்வாய் காலை 9 மணிக்கு நின்டெண்டோ. 2013-லிருந்து இவர்கள் இ3-யில் பெரிய மேடை போடவில்லை, பதிவு செய்த வீடியோதான். அதில் பாதிக்கு மேல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேம். இதுவரை வந்த எல்லா வீரர்களும் திரும்ப வருகிறார்கள், டிசம்பர் 7. அது பெரிய செய்திதான். ஆனால் ஒவ்வொருவரின் அடியும் எப்படி மாறியிருக்கிறது என்று கேமின் இயக்குநர் சகுராய் நிதானமாக விளக்கிக்கொண்டே போனார். ஸ்மாஷ் ஆடாதவர்களுக்கு அங்கே எதுவும் இல்லை. பலர் காத்திருந்த மெட்ராய்டு பிரைம் 4 கேம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றில் பலவீனமான நிகழ்ச்சி இதுதான்.

ஆனால் அரங்குக்குள் போனதும் கதை மாறியது. மேற்கு அரங்கில் சோனியும் நின்டெண்டோவும். ஸ்மாஷ் ஆட மூன்று மணி நேர வரிசை. முன்னால் நின்றவர் டெக்ஸாஸிலிருந்து வந்த செவிலியர், பின்னால் இரண்டு மெக்சிகோ பையன்கள். மூன்று மணி நேரத்தில் யார் யாரை எடுப்பது என்று எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டோம். உள்ளே போய் நாலு பேரும் ஒரே திரையில் அடித்துக்கொண்டபோது, காலையில் அந்த வீடியோ ஏன் அவ்வளவு நுணுக்கமாக இருந்தது என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் மூவரும் அதன் ஒவ்வொரு வினாடியையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஸ்பைடர் மேனும் ஆடிப் பார்த்தேன். நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே ஊஞ்சலாடுவது கைக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. செப்டம்பரில் நிச்சயம் வாங்குவேன்.

இந்த வாரத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது மேடையில் நடந்ததே இல்லை. செவ்வாய்க்கிழமையே நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் ஃபோர்ட்நைட் கேம் இலவசமாக வந்தது. ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4-ல் இணைத்து ஆடிய எபிக் (ஃபோர்ட்நைட்டின் கம்பெனி) கணக்கோடு ஸ்விட்சில் நுழையப் பார்த்தவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. காசு போட்டு வாங்கிய உடைகளும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டன. எக்ஸ்பாக்ஸ்காரர்களும் ஸ்விட்ச்காரர்களும் சேர்ந்து ஆட முடிந்தது, சோனி மட்டும் அப்போது கதவை அடைத்திருந்தது. வரிசையில் இதைத்தான் எல்லோரும் பேசினார்கள். சோனியின் பதில் என்ன தெரியுமா? 7.9 கோடிக்கு மேல் பிளேஸ்டேஷன் 4 விற்றிருக்கிறோம், எங்களிடமே பெரிய கூட்டம் இருக்கிறது என்பதுதான். அந்த 7.9 கோடியில் நானும் ஒருவன். என்னைக் கணக்கில் காட்டி என் நண்பனோடு ஆட விடாமல் தடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. சோனி இதை மாற்றியே ஆக வேண்டும் என்றுதான் அந்த வரிசையில் நின்றபோது தோன்றியது.

எக்ஸ்பாக்ஸ் இந்த வருஷம் தன் அரங்கைக் கண்காட்சி மையத்துக்கு வெளியே, அதே தியேட்டரில் வைத்திருந்தது. பத்து நிமிஷ நடை. கூட்டம் குறைவு, காலுக்கு நிம்மதி. புதன்கிழமையைக் கார்த்திக்காக அங்கேயே கழித்தேன்.

செலவு கேட்டவர்களுக்கு. என் பங்கு மட்டும்: டிக்கெட் 249, பஸ் போக வர 70, அறை ஐந்து ராத்திரிக்கு 155, சாப்பாடு 110, ரயில் 20, அந்தக் கார்க்காரருக்கு 22.50. மொத்தம் 626.50 டாலர், ஏறக்குறைய 42,000 ரூபாய். ரயிலுக்கு டாப் கார்டு (மெட்ரோவின் கட்டண அட்டை) வாங்கிக்கொள்ளுங்கள். 2018-ல் ஒரு தடவைக்கு 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் மறுபடி கட்ட வேண்டாம். பீக்கோ நிலையத்தில் இறங்கினால் கண்காட்சி மையம் பக்கம்தான். பஸ் கம்பெனிக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நேற்றே எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.