நாயனம் வாசிக்கிற நண்பனுக்கு கேன்சர்: கார்டு, ஆஸ்பத்திரி, முகூர்த்தப் பங்கு

நான் தவில் வாசிக்கிறவன், கும்பகோணம் பக்கம். எங்க செட்ல முதல் நாயனம் (நாதஸ்வரம்) வாசிச்ச நண்பனுக்கு இடது கன்னத்துக்கு உள்பக்கம் கேன்சர், கண்டுபிடிக்கும்போதே கழுத்து நெறிகட்டி வரைக்கும் வந்துருச்சு. இப்போ வைத்தியம் முடிஞ்சு ரிவ்யூ போய்ட்டு இருக்கான். எங்க தொழில்லயே இன்னும் ரெண்டு பேர் வீட்டுல இருந்து என்ன பண்ணீங்கன்னு போன்ல கேட்டாங்க, அதான் எழுதுறேன். கச்சேரி, கல்யாணம்னு வாசிச்சு சாப்பிடுற குடும்பத்துக்கு இது எப்படி வேற மாதிரி வந்து அடிக்குதுன்னு சொல்லணும்னு தோணுது.

மொதல்ல வாய்ப்புண்ணுன்னுதான் நெனச்சான். சீவாளி (நாயனத்து முனைல சொருகி ஊதுறது) வெச்சு ஊதுற வாய், பல்லு உரசியிருக்கும்னு மருந்து தடவிக்கிட்டே பங்குனி முழுக்க வாசிச்சுட்டான். வெத்தல புகையிலை பழக்கம் உண்டு, எங்க ஆளுங்க நெறைய பேருக்கு உண்டு. மூணு வாரத்துக்கு மேல வாய்ல ஒரு புண்ணு ஆறலைன்னா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட காட்டிருங்க, முகூர்த்தம் முடியட்டும்னு இருக்காதீங்க.

பயாப்சி (சதை எடுத்து பாக்குற டெஸ்ட்) ரிசல்ட் வந்த தனியார் ஆஸ்பத்திரில உடனே ரெண்டு லட்சம் கட்டுங்க, ஆபரேஷன் வெச்சுக்கலாம்னாங்க. தங்கச்சி (அவன் சம்சாரம்) கழுத்துல கிடந்தத கழட்டவே ஆரம்பிச்சிருச்சு. நான் ஒரு நாள் பொறும்மான்னு சொல்லி, ரிப்போர்ட்டோட பயாப்சி ஸ்லைடு, பிளாக் (எடுத்த சதைய பதப்படுத்தி வெச்சது) ரெண்டையும் கேட்டு வாங்கிட்டேன், அது கைல இருந்தா போற எடத்துல மறுபடி சதை வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியம், ஆனா கார்டுல பேரு இருக்கணும், இவன்கிட்ட கார்டே இல்ல. விஏஓ வருமானம் என்னன்னு கேக்குறாரு, சம்பள ரசீதா இருக்கு எங்களுக்கு, ஆடி மார்கழில ஒண்ணும் கிடையாது, தை வைகாசில வர்றத வெச்சு வருஷத்த ஓட்டுறோம்னு உக்காந்து வெவரமா சொன்னோம், அவரும் புரிஞ்சுக்கிட்டு எழுதிக் குடுத்தாரு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போயி பதிஞ்சோம். ஒடம்பு நல்லா இருக்கும்போதே இத எடுத்து வெச்சுக்கோங்க, வாத்தியத்துக்கு உறை தெச்சு வெக்கிற மாதிரிதான் இதுவும்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு போனோம், 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச எடம், கூட்டம் ஜாஸ்தி, காத்திருக்கணும், அதுக்கு தயாரா போங்க. அங்க காப்பீட்டுத் திட்ட கவுண்டர்ல முன்அனுமதி வாங்கின பிறகுதான் ஆபரேஷன் தேதி. அனுமதி வர்றதுக்கு முன்னாடி நாமளா வெளில பணம் கட்டி எடுக்குற டெஸ்ட்டுக்கு திரும்ப காசு கேக்க முடியாது, எத எடுக்குறதுக்கு முன்னாடியும் கவுண்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இந்த எடத்த கொஞ்சம் நிதானமா சொல்றேன். கன்னத்துல கட்டிய எடுத்துட்டு அந்த எடத்த மூட வேற எங்கயாச்சும் இருந்து சதை எடுத்து ஒட்டணும். முன்னங்கை தோல் மெல்லிசு, வாய்க்குள்ள நல்லா பொருந்தும், இடது கைல எடுத்துக்கலாம், சோறு சாப்பிடுறது எழுதுறது வலது கைதானேன்னு டாக்டர் சொன்னாரு. அவரு ஆயிரம் பேருக்கு சொல்ற மாதிரி சரியாத்தான் சொன்னாரு. நண்பன் ஒண்ணும் பேசல, ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சு இல்லாத நாயனத்த பிடிக்கிற மாதிரி விரல வெச்சு காட்டுனான். ஏழு துளைக்கும் ரெண்டு கையும் வேணும் சார்னு நான் சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் அந்த விரலயே பாத்துட்டு, சரி தொடைல இருந்து எடுப்போம், கொஞ்சம் தடிமனா இருக்கும் பரவால்லன்னாரு. உதட்டுல காத்து கட்டி ஊதுறது இனிமே கஷ்டம்னு அன்னைக்கே தெளிவா சொல்லிட்டாரு, அது அவனுக்கும் தெரியும். ஆனா கை அவன் கையா இருந்துச்சு. நாம சொல்லாம அவங்களுக்கு தெரியாது, என்ன வாத்தியம், எந்த கை, காது எவ்வளவு முக்கியம்னு போற ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லுங்க.

காது விஷயமும் அப்படித்தான். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிச்சுரணும்னாங்க, வாரத்துல அஞ்சு நாள், மொத்தம் 30 தடவை, அதோட வாரம் ஒரு தடவ சிஸ்பிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து. அந்த மருந்து சில பேருக்கு காத பாதிக்கும், மேல் ஸ்தாயி சத்தம்தான் மொதல்ல போகும். ஊத முடியாதுன்னா பசங்களுக்கு சொல்லிக் குடுத்துதான் பொழைக்கணும், சுருதி கேக்கலைன்னா அதுவும் போச்சு. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட்) எடுத்துரலாமான்னு கேட்டோம், எடுத்தாங்க. பாதில காதுக்குள்ள ங்ங்னு தம்புரா மாதிரி ஓயாம இருக்குன்னு சொன்னான், மறுபடி எடுத்து பழசோட ஒப்பிட்டு பாத்துட்டு மருந்த மாத்துனாங்க. ரேடியேஷனுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட காட்டி சொத்தைப் பல்லெல்லாம் எடுத்துருவாங்க, அப்புறம் புடுங்குனா தாடை எலும்பு ஆறாதாம், அதுக்கு பயப்படாதீங்க.

மூக்கு வழியா குழாய்லதான் ரொம்ப நாள் சாப்பாடு. கஞ்சி, பால், முட்டை வெள்ளக்கரு, பருப்புத் தண்ணி எல்லாத்தையும் அரைச்சு வடிகட்டி சிரிஞ்சுல ஊத்தி உயரமா பிடிக்கணும், அமுக்கக் கூடாது, தானா எறங்கணும், முடிஞ்சதும் வெதுவெதுன்னு தண்ணி விட்டு குழாய கழுவணும். நர்ஸம்மா என் கையப் பிடிச்சு சொல்லிக் குடுத்தாங்க. தவிலுக்கு விரல்ல கூடு மாட்டி மாட்டி காச்சுப்போன கை எனக்கு, அந்த சிரிஞ்சு ஆடாம பிடிக்க பழகுறதுக்குள்ள போதும்னு ஆயிருச்சு.

இப்ப பணம். வைத்தியச் செலவு பெரும்பகுதி கார்டுல போயிருச்சு. எங்கள அழுத்துனது மத்ததெல்லாம்: சென்னைல ரூம் வாடகை, ஆட்டோ, சத்து பவுடர், வெளில வாங்குற மருந்து, ஊர்ல பிள்ளைங்க ஸ்கூல் பீஸு, மாசக் கடன். ரயிலுக்கு மட்டும் ஆஸ்பத்திரில ஒரு பாரம் குடுப்பாங்க, வைத்தியத்துக்கு போற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட் இலவசம், கூடப் போறவங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி, கவுண்டர்ல எடுக்கணும், உழவன் எக்ஸ்பிரஸ்ல அப்படித்தான் போனோம் வந்தோம். பிரதமர் நிவாரண நிதிக்கு எம்பி ஆபீஸ் மூலமா போடலாம், ஆஸ்பத்திரி எஸ்டிமேட் லெட்டர் வேணும், பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், வீட்டு வாடகைக்கு ஆகாது. இயல் இசை நாடக மன்றத்துல நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3,000 உண்டு, அதுக்கு வயசு வரம்பு இருக்கு, இவனுக்கு அந்த வயசு இல்ல.

அதனால செட்ல உக்காந்து பேசினோம். அவன் அட்வான்ஸ் வாங்கியிருந்த முகூர்த்தம் எதையும் விடக் கூடாது, வேற நாயனக்கார அண்ணன் ஒருத்தர் வந்து வாசிப்பாரு, நண்பனோட பங்கு நண்பன் வீட்டுக்கே போகும். அந்த அண்ணன் போக்குவரத்துக் காசு மட்டும் வாங்கிக்கிட்டாரு, தாளம் போடுற பையன்கூட தன் பங்குல கொஞ்சம் எடுத்து வெச்சான். ஒரு தடவை வசூல் பண்ணி மொத்தமா குடுக்குறத விட இது ரொம்ப பெருசா நின்னுச்சு, ஏன்னா மாசா மாசம் வந்துச்சு, தங்கச்சி யார்கிட்டயும் போய் நிக்கல, அவனும் இது என் பங்குன்னு வாங்கிக்கிட்டான், தலை குனியல. வசூலும் பண்ணோம், கணக்கு தங்கச்சி பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்ட் மட்டும், யார் எவ்வளவு போட்டாங்க எதுக்கு செலவாச்சுன்னு வாட்ஸப் குரூப்ல வாராவாரம் போட்டுருவேன்.

இப்ப வாய் தொறக்குறதுக்கு ஐஸ் குச்சி அடுக்கி பயிற்சி பண்றான், பல்லுக்கு நடுவுல குச்சிய அடுக்கிட்டு கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு சேக்கணும், வலிக்கும், விட்டா வாய் இறுகிரும். கழுத்து நெறிகட்டி எடுத்ததுல தோள் தூக்க செரமம், அதுக்கு பிசியோ போகுது. பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு வருது ஆனா பசங்களுக்கு விரல் பிடிச்சு காட்டி, ஸ்வரத்த முணுமுணுத்து பாடம் நடத்துறான், தப்பா ஊதுனா உள் ரூம்ல இருந்தே கண்டுபிடிச்சு சத்தம் போடுறான். அவன்கிட்ட படிச்ச பையன்தான் வர்ற ஆவணில எங்க செட்ல முதல் நாயனம். பையனுக்கும் முழுப் பங்கு குடுக்கணும், நண்பனுக்கும் நிறுத்தக் கூடாது, அதனால கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட காரணத்தச் சொல்லி ரேட்ட கொஞ்சம் ஏத்தி கேட்டிருக்கோம், இதுவரைக்கும் பேசின வீட்டுல யாரும் முடியாதுன்னு சொல்லல.