92 கிலோவில் நின்றுவிட்ட எடை

2024 மார்ச் 4, திங்கள்

ஜனவரி பாதியிலிருந்து 92 கிலோவை விட்டு எடை இறங்கவே மாட்டேன் என்கிறது. சென்ற ஆகஸ்டில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது 118. அதன்பின் மளமளவென்று குறைந்து வந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாயிற்று, ஒன்றரை இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் எடை ஏன் நிற்கிறது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

நாத்தனார் இன்று தொலைபேசியில், "தைராய்டு மாத்திரையை ஒன்றரையாகப் போட்டுப் பாருங்கள் அண்ணி, தானாக இளைத்துவிடுவீர்கள்" என்றாள். அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனாலும் எனக்குப் பகீரென்றது. சின்னவள் பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வரும் மாத்திரை அது. சுரப்பி சுரக்காததை ஈடுகட்டத் தருகிறார்களே தவிர, இளைப்பதற்காக அல்ல.

மார்ச் 9, சனி

மருத்துவமனையின் உணவு ஆலோசகர், இந்தக் கட்டத்தில் சில வாரங்கள் எடை நிற்பது பலருக்கும் நடப்பதுதான் என்றார். மனம் ஆறவில்லை. எடை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். மலச்சிக்கல், மத்தியானமானால் கண்ணைச் சுழற்றும் அசதி, இந்த வெயிலிலும் மின்விசிறிக் காற்று குளிர்வது, இவையெல்லாம் சேர்ந்து வருகின்றன. தைராய்டு டாக்டரிடம் போனேன்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேசையில் பரப்பி வைத்தேன். கால்சியம் விரல் கணு அளவுக்குப் பெரியது. இரும்புச்சத்து, வைட்டமின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், முடி கொட்டுகிறதென்று வாங்கிய பயோட்டின். இத்தனைக்கும் நடுவில் தைராய்டு மாத்திரைதான் இருப்பதிலேயே பொடிசு. டாக்டர் முதலில் கையில் எடுத்தது பயோட்டினை. சில ஆய்வகங்களின் சோதனை முறையில் அது குறுக்கிட்டு, தைராய்டு போதாதபோது ரத்தத்தில் ஏறும் டிஎஸ்ஹெச் ஹார்மோனின் அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடுமாம். சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள் என்றார். குண்டூசியளவு மாத்திரைக்கு இத்தனை எதிரிகள் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

மார்ச் 14, வியாழன்

டிஎஸ்ஹெச் 9.8. இருக்க வேண்டியது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. 100 மைக்ரோகிராம் மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கியும் இந்த அளவு.

டாக்டர் அளவைக் கூட்டவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் தந்த மாத்திரைச் சீட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். தைராய்டு, பான்டோபிரசோல் இரண்டும் காலை வெறும் வயிற்றில். கால்சியமும் இரும்பும் காலை உணவுக்குப் பின். நானும் அப்படியேதான் சாப்பிட்டு வந்தேன். தைராய்டு மாத்திரை நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. அறுவை சிகிச்சையால் இரைப்பையின் அமிலமும் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. கரைந்து குடலுக்குப் போனதையும் கால்சியமும் இரும்பும் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடுவதில்லை. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்திருக்கலாமே! எத்தனை பேர் இதே சீட்டை வைத்துக்கொண்டு, உணவைக் கட்டுப்படுத்தவில்லை என்று வீட்டில் பேச்சு வாங்குகிறார்களோ.

புது அட்டவணை: காலை ஐந்துக்கு தைராய்டு, வெறும் தண்ணீருடன். ஒரு மணி நேரம் கழித்தே காபி. அதன்பின் புரோட்டீன் பவுடர். பதினொன்றுக்கு இரும்பு. கால்சியம் பிற்பகலிலும் இரவிலும். அறுவை சிகிச்சை டாக்டரிடம் பேசி, இனித் தேவையில்லை என்று பான்டோபிரசோலை நிறுத்தினார்கள்.

மார்ச் 22, வெள்ளி

காபிதான் சிரமம். ஐந்தரைக்கு டிகாஷன் வாசனை வீட்டை நிறைக்கும்போது ஆறு மணி வெகு தூரத்தில் இருக்கிறது. இவரும் எனக்காகக் காத்திருந்து ஆறுக்கே குடிக்கிறார்.

ஏப்ரல் 29, திங்கள்

இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்குமாம். அதனால்தான் அவசரப்படாமல் ஆறு வாரம் கழித்து மறுபடி சோதனை. டிஎஸ்ஹெச் 3.4. மாத்திரை அதே 100தான்.

எடை 90.6. ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிதாக இறங்கும் என்று உள்ளூர ஆசைப்பட்டிருந்தேன். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் உப்பும் நீரும்தான், அதுவும் சில கிலோ மட்டும், அதைச் சரிசெய்தால் அவ்வளவே இறங்கும் என்றார் டாக்டர். மற்றதைப் புரதமும் நடையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அசதி போய்விட்டது. நேற்று மதியம் படுக்காமல் பீரோவை அடுக்கி முடித்தேன். வயிறும் சரியாகிவிட்டது. எடை இன்னும் இரண்டு மாதம் நின்றாலும் நிற்கட்டும், எனக்கு இது போதும்.

நாத்தனார் சொன்ன யோசனையையும் கேட்டேன். டாக்டரின் முகமே மாறிவிட்டது. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். கால்சியத்தைக் குடல் சரிவர ஏற்காத என்னைப் போன்றவர்களுக்கு எலும்பு விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். எடைக்கு ஏற்றபடிதான் அளவைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், இனி இளைக்க இளைக்க எனக்கு மாத்திரையைக் குறைக்க வேண்டியும் வரலாம். ஒன்றரையாக விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மே 6, திங்கள்

நாத்தனாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் மாமியாருக்கும் தைராய்டும் கால்சியமும் காலையில் ஒன்றாகத்தான் தருகிறாள் என்றாள். டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றச் சொன்னேன். மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்: மாத்திரைச் சீட்டில் 'எதற்கும் எதற்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும், தைராய்டு உள்ளவர்களுக்கு ரத்தச் சோதனைத் தேதியையும் அதிலேயே குறித்துத் தர வேண்டும். நாளை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.