இடது கையை பிளேடு பக்கமிருந்து எடுத்த கதை: காந்த ஃபெதர்போர்டுடன் சில வாரங்கள்

போன மாதம் டேபிள் சாவில் (மேஜை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுக்கும் மெஷின்) வேலை செய்தபோது ஒரு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், என் இடுப்புக்குப் பக்கத்தில் பறந்து போனது. கண்ணாடி வைத்த அலமாரிக் கதவுகளுக்காக பீச் மரப் பலகையிலிருந்து 20 மி.மீ. அகலத்தில் சட்டங்கள் அறுத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது துண்டில் கடைசி நாலு அங்குலம் பாக்கி. பலகையை ஃபென்ஸோடு (பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புச் சட்டம்) சேர்த்து அழுத்திக்கொண்டிருந்த இடது கை ஒரு கணம் தளர்ந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். துண்டு போன வழியைக் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்த பிளைவுட் கதவில் ஒரு பள்ளம். பிளேடுக்கு நேராக நிற்காமல் இடது பக்கம் ஒதுங்கி நிற்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், அதன் பல்முனை விநாடிக்கு சுமார் 53 மீட்டர் ஓடும். மணிக்கு 190 கிலோமீட்டர். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தியபடி அறுக்கின்றன. பின்பக்கப் பற்களோ மேலே ஏறி வருகின்றன. பலகை ஃபென்ஸை விட்டு லேசாகத் திரும்பி அந்தப் பின்பற்களைத் தொட்டால் போதும், மேலே தூக்கி நம் பக்கமாக வீசிவிடும். மெஷின் உதைப்பது என்று சொல்வது இதைத்தான். அன்றைக்கு ரைவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டுவாய் மூடாமல் காக்கும் தகடு) வேறு மாட்டப்படாமல் இருந்தது. முந்தின நாள் ஒரு வேலைக்காகக் கழற்றியதை நான் திரும்ப மாட்டவில்லை. அது முழுக்க என் தவறு. முதல் வேலையாக அதை மாட்டினேன். ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் கையைப் பற்றி யோசித்தேன். அறுக்கும்போது பலகைக்கு மூன்று திசையில் அழுத்தம் வேண்டும்: முன்னோக்கி, கீழ்நோக்கி, ஃபென்ஸ் நோக்கி. இருப்பது இரண்டு கை. வலது கை தள்ளவும் கீழே அழுத்தவும் செய்தால், இடது கை முழு நேரமும் பலகையைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். என் இடது கை எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ள, மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கீழே இறக்கி, விரல்நுனியில் சாக்பீஸ் தடவிக்கொண்டு வழக்கம்போல ஒரு பலகையைத் தள்ளினேன். மேஜையில் விழுந்த வெள்ளைக் கோடு பிளேடு நிற்கும் இடத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் வரை போயிருந்தது. கை தள்ளித்தான் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே ஃபெதர்போர்டு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஃபெதர்போர்டு என்பது சீப்பு போல ஒரு துண்டு. அதன் விரல்கள் பலகை நகரும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பலகையை முன்னால் தள்ளினால் விரல்கள் வளைந்து வழி விடும். பின்னால் இழுத்தால் அதே விரல்கள் நிமிரப் பார்த்து பலகையைக் கவ்விக்கொள்ளும். ஆக, பலகையை ஃபென்ஸோடு அணைத்துப் பிடிப்பது, பின்னால் வரவிடாமல் தடுப்பது என்று இரண்டு வேலை ஒரே துண்டில் முடிகிறது. முன்பு நானே ஒன்று மரத்தில் செய்திருக்கிறேன். நுனியை 30 டிகிரி சாய்த்து அறுத்து, ரேகை ஓடும் திசையிலேயே 6 மி.மீ. தடிமனுக்கு விரல்கள் கீறி விட்டால் போதும். நன்றாகவே வேலை செய்தது. பிரச்சினை அதை மேஜையில் பிடித்து நிறுத்துவதில்தான். என் மேஜையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக வார்ப்பிரும்பு விலாக்கள் ஓடுகின்றன. சி கிளாம்ப் எங்கே மாட்டினாலும் விலாவில் இடிக்கும். இரண்டு கிளாம்ப், ஐந்து நிமிடம். அந்தச் சிரமத்தாலேயே அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

காந்தம் வைத்தது அந்த ஐந்து நிமிடத்தை ஐந்து விநாடியாக்குகிறது. நான் வாங்கியதில் இரண்டு காந்த அடிக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் பிடிக்கும், மறுபடி திருப்பினால் விட்டுவிடும். மின்சாரம் எதுவும் இல்லை. உள்ளே இரண்டு வட்டக் காந்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே உள்ளது நிலையானது, மேலே உள்ளது குமிழோடு சுற்றும். இரண்டின் வடதுருவமும் ஒரே பக்கம் வந்தால் காந்தப்புலம் சேர்ந்து மேஜைக்குள் இறங்கும். மேல் காந்தம் அரைச் சுற்று திரும்பினால் வடக்கின் மேல் தெற்கு வந்து, புலம் கூட்டுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். முதல் நாள் குமிழைத் திருப்பிவிட்டு அடிக்கட்டையை மேலே இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் எங்கே வைப்பது என்பது. இதில்தான் உயிர் இருக்கிறது. பக்கவாட்டில் அழுத்தும் ஃபெதர்போர்டு, நாம் நிற்கும் பக்கத்தில், பிளேடின் முதல் பல்லுக்கு முன்பாகவே முடிந்துவிட வேண்டும். பிளேடுக்குப் பக்கத்திலோ அதைத் தாண்டியோ இருக்கவே கூடாது. ஏன் என்று படித்துத் தெரிந்துகொண்டாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பலகையைப் பாதி வரை அறுத்து, மெஷினை அணைத்து, பிளேடு நின்றதும் பிளக்கைப் பிடுங்கி, பலகையை வெளியே எடுத்தேன். பிளேடை முழுக்க இறக்கிவிட்டு, அறுத்த பகுதி நேராக ஃபெதர்போர்டின் விரல்களுக்கு எதிரே வரும்படி ஃபென்ஸில் சாய்த்து வைத்து அழுத்தினேன். 3 மி.மீ. இருந்த வெட்டுவாய் மெதுவாக மூடியது. நுனியில் வெர்னியர் அளவி வைத்தால் 2 மி.மீ.க்கும் கீழே காட்டியது. அந்த இடைவெளிக்குள் ஓடும் பிளேடு ஒன்று இருந்திருந்தால் அதன் இரண்டு கன்னத்தையும் மரம் நெரித்திருக்கும். உதைக்காமல் தடுக்க வைத்த பொருளே உதைக்க வைத்துவிடும். இப்போது கடைசி விரல் முதல் பல்லுக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்கும்படி மேஜையில் பென்சிலால் குறி போட்டு வைத்திருக்கிறேன். பிளேடை உயர்த்தினால் முதல் பல் மேஜையில் எழும் இடமும் நம் பக்கமாக நகரும் என்பதால், உயரம் மாற்றும்போதெல்லாம் அந்தக் குறியைச் சரிபார்க்கிறேன்.

அழுத்தம் எவ்வளவு? முதல் நாள் இறுக்கமாக வைத்தேன், பயம்தான் காரணம். பலகை நகர மறுத்தது. உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டியிருந்தது. பிளேடை நோக்கி உடம்புச் சாய்வது நல்லதற்கில்லை, ஏதாவது ஒன்று சட்டென்று விட்டால் கை எங்கே போகும் என்று தெரியாது. நிறுத்திவிட்டுத் தளர்த்தினேன். என்னுடையதில் முதல் விரல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. அந்தக் குட்டை விரல் பலகையை லேசாகத் தொட்டால் மற்ற விரல்கள் அளவாக வளைந்திருக்கும். இப்போது எனக்கு அதுவே அளவுகோல். மெஷின் அணைந்திருக்கும்போது பலகையைக் கையால் முன்னே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பின்னே இழுத்தால் நின்றுவிட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சுவிட்ச்.

இரண்டாவது வாரம் பிரச்சினை வந்தது. பத்துப் பன்னிரண்டு ரீப்பர் அறுத்தபின் அகலம் மாற ஆரம்பித்தது. 20.0 வர வேண்டியது ஒரு முனையில் 19.6, இன்னொன்றில் 19.4. பிளேடில் கோளாறா, ஃபென்ஸ் நகர்ந்துவிட்டதா என்று தேடினேன். எனக்கு மரவேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் வந்து பார்த்தார். வயது எழுபதுக்கு மேல், பத்து விரலும் முழுசாக இருக்கிற தச்சர். காந்தக் கட்டையைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டார். “இப்ப நாலு துண்டு அறு தம்பி. கோட்டைப் பாரு, துண்டைப் பாக்காத” என்றார். நாலாவது துண்டு முடிந்தபோது கோட்டுக்கும் கட்டைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. காந்தம் நழுவிக்கொண்டிருந்தது.

மேலே இழுத்தால் அசையாத காந்தம் பக்கவாட்டில் நழுவும். இதுதான் முதல் நாள் நான் கவனிக்கத் தவறியது. காந்தம் மேஜையைக் கீழ்நோக்கிப் பிடிக்கிறது. பக்கவாட்டு அசைவைத் தடுப்பது உராய்வு மட்டும்தான், அது காந்தத்தின் பிடியில் ஒரு பங்குதான் இருக்கும். நானோ, பலகை வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை மேஜை முழுக்க மெழுகு தேய்த்து மெருகேற்றியிருந்தேன். பலகைக்குச் செய்த வசதி காந்தத்துக்கும் கிடைத்துவிட்டது.

டர்பண்டைன் நனைத்த துணியால் ஃபெதர்போர்டு உட்காரும் பகுதியை மட்டும் துடைத்தேன். இப்போது மெழுகு போடும்போது அந்தப் பட்டையைத் தொடுவதில்லை. துரு பிடிக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். கூடவே, உபரியாக இருந்த ஒரு காந்தக் கட்டையை ஃபெதர்போர்டின் முதுகில் முட்டுக்கொடுத்து வைக்கிறேன். பென்சில் கோடு போடும் பழக்கமும் நிலைத்துவிட்டது.

இன்னொரு எதிரி மரத்தூள். கட்டையை எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடியில் தூள் சேர்கிறது. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வந்தாலே பிடி வெகுவாகக் குறையும். ஓர் அட்டைத் துண்டை அடியில் வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தேன், சுலபமாக நகர்ந்தது. அதனால் வைப்பதற்கு முன் மேஜையை ஒரு துடைப்பு, கட்டையின் அடியை உள்ளங்கையால் ஒரு துடைப்பு. இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் மேஜையைக் கீறும் என்பதால் அரம் போடும் மேஜைப் பக்கம் இதை வைப்பதே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போய் உங்கள் மேஜையில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். தூக்கிச் செல்லும் வகை மெஷின்கள் பலவற்றில் மேஜை அலுமினியம். அதில் காந்தம் நிற்காது. மேஜையில் நீளவாக்கில் ஓடும் மைட்டர் பள்ளத்துக்குள் விரிந்து இறுகும் வகை ஃபெதர்போர்டுதான் அவற்றுக்குச் சரி. வார்ப்பிரும்பு மேஜையிலும் இரண்டு பக்கச் சிறகுகள் தகட்டால் ஆனவையாக இருந்தால் அங்கே பிடி குறையும். உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பலமான காந்தத்தைக் கையாளாமல் இருப்பதே நல்லது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் இழுப்பறைப் பலகைகளுக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டினேன். 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம், இரண்டு ஓட்டத்தில். காடி வெட்டும்போது பிளேடின் மேல்மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். என் ரைவிங் நைஃப் பிளேடின் உச்சியைவிடத் தாழ இருப்பதால் அது அப்படியே இருந்தது. பலகைகள் லேசாக வில் போல வளைந்தவை. கையால் அழுத்தி வெட்டிய முதல் பலகையில் ஆழம் நடுவில் 5.2 மட்டும்தான். இதற்கு மேலிருந்து கீழே அழுத்தும் ஃபெதர்போர்டு வேண்டும். என் ஃபென்ஸ் அலுமினியம், காந்தம் ஒட்டாது. அதனால் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு துணை ஃபென்ஸ் செய்து, அதன் முகத்தில் தட்டை இரும்புப் பட்டை ஒன்றைப் பதித்துத் திருகினேன். திருகுத் தலைகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் காந்தம் தட்டையாக உட்காராது என்று அவற்றையும் உள்ளே இறக்கினேன். ஒரு மாலை முழுக்க அந்த வேலைதான். அடுத்த எட்டுப் பலகைகளிலும் ஆழம் முனைக்கு முனை 6 மி.மீ.தான், ஒரு கீற்று கூட மாறவில்லை. பாதுகாப்புக்காக வாங்கிய பொருள் வேலையின் தரத்தையும் இப்படி உயர்த்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரீப்பர்களின் வெட்டுமுகத்தில் முன்பு வந்த கருகல் தழும்புகளும் இப்போது அநேகமாக இல்லை, இழைப்புளி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

இதனால் ஆகாததும் உண்டு. பலகையின் வால் விரல்களைத் தாண்டியதும் ஃபெதர்போர்டின் பிடி போய்விடும். மிச்சம் இருக்கும் அந்தச் சில அங்குலத்தை புஷ் பிளாக்கால் (கைக்குப் பதில் பலகையைத் தள்ளும் கைப்பிடிக் கட்டை) பிளேடைத் தாண்டும் வரை தள்ள வேண்டியது நாம்தான். அன்று எனக்கு உதைத்ததும் அந்த இடத்தில்தான். அதனால்தான் ரைவிங் நைஃப் இல்லாமல் இப்போது ரீப்பர் அறுப்பதே இல்லை. இன்னொன்று, பாதியில் நின்றுவிட்டால் பலகையைப் பின்னே இழுக்க முடியாது. ஒரு தடவை முடிச்சு விழுந்த இடத்தில் பலகை சிக்கியது. இழுக்கத்தான் கை போனது. விட்டுவிட்டு சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து விநாடி நீளமாகத்தான் தெரிந்தது.

ஒரே பலகையிலிருந்து ரீப்பர் ரீப்பராக எடுக்கும்போது பலகை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒடுங்குகிறது, ஃபெதர்போர்டையும் ஒவ்வொரு தடவையும் நகர்த்த வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு, துடைத்து, குமிழைத் திருப்பி, நகர்த்தி, மறுபடி திருப்பி, பென்சில் கோடு. ஒரு ரீப்பருக்கு அரை நிமிடம் கூடுகிறது. கிளாம்பாக இருந்தால் மூன்றாவது ரீப்பரில் கைவிட்டிருப்பேன்.

நேற்று கதவுகளுக்கான கடைசி சட்டத்தை அறுத்து முடித்தேன். மொத்தம் 32. எல்லாவற்றையும் படுக்கையாக அடுக்கி மேலே விரலை ஓட்டினால் ஒரே பலகையைத் தடவுவது போல இருக்கிறது. அறுக்கும்போது இடது கை மேஜையின் முன் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது. மேஜையைத் துடைக்கும்போது பழைய சாக்பீஸ் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதை மட்டும் அழிக்காமல் விட்டேன். அடுத்து, மிச்சமிருக்கும் பீச் துண்டில் ரவுட்டர் மேஜைக்கு ஒரு மர ஃபெதர்போர்டு. விரல்களுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.